சிவப்புப் பூச்சியங்கள்

யாழ்ப்பாணத்தில் குழந்தைத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஊர்க் கூட்டம் ஒன்றில் இதைச் சொன்னால் யாராவது ஒருவர் எழுந்து நின்று மறுப்பார். "இதைச் சிவகாசியில் போய்ச் சொல்லுங்கள். இங்கே எந்தத் தொழிற்சாலையில் பிள்ளைகள் வரிசையாக இருந்து வேலை செய்கிறார்கள்?" என்பார். அவர் வேண்டுமென்று மறைக்கவில்லை. உண்மையிலேயே அவர் கண்ணில் படவில்லை. இங்கே அவர்கள் ஒரு வெதுப்பகத்தில் ஒருவன், ஒரு கராஜில் ஒருவன், ஒரு வீட்டுக் குசினியில் ஒருத்தி என்று தனித்தனியாக இருக்கிறார்கள். தனித்தனியாக இருப்பதாலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. "படிப்பில் நாட்டமில்லாத பெடியன்." "தகப்பன் இல்லாத வீடு." "தொழில் பழகுகிறான்." "எங்கள் பிள்ளை மாதிரித்தான் வைத்திருக்கிறோம்."

நான் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். வலிகாமத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மாலை வகுப்பு நடத்துபவர்களில் ஒருத்தி. கிராம அலுவலர் பிரிவின் பாடசாலை வருகைக் குழுவிலும் இருக்கிறேன். ஜூன் 12ஆம் திகதி வந்தால் எங்கள் ஊரிலும் பதாகை பிடித்து ஊர்வலம் போகிறோம். குழந்தைத் தொழிலுக்கு எதிரான உலக நாளாக 2002 முதல் அந்த நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. ஊர்வலம் வீண் என்று சொல்லமாட்டேன். ஊர்வலத்தால் உலகச் சட்டமே மாறியிருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் எங்கள் பிரசாரம் பிந்தித்தான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். பிள்ளை வேலைக்குப் போன பிறகு அவனைத் தேடுகிறோம். அவன் போகப் போகிறான் என்பது ஆறு மாதத்துக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் வகுப்பாசிரியர். எழுதப்பட்ட இடம் வரவு இடாப்பு.

வந்த பிள்ளைக்கு நீல மையில் ஒன்று, வராத பிள்ளைக்குச் சிவப்பு மையில் பூச்சியம். தரம் எட்டு, ஒன்பது வகுப்புகளின் இடாப்பைப் புரட்டினால் சில பெயர்களுக்கு நேரே ஒரே ஒழுங்கு தெரியும். முதலில் திங்கட்கிழமைகளில் பூச்சியம் விழும். பிறகு வெள்ளியும் சேரும். வெங்காயம் நடும் காலமோ கிண்டும் காலமோ வந்தால் ஒரு கிழமை முழுவதும் சிவப்பு. அதன்பின் நான்கைந்து நாள் நீலம் வரும். பிள்ளை திரும்பி வந்திருக்கிறான். பாடம் எங்கோ போய்விட்டது. ஆசிரியர் எழுப்பிக் கேட்டால் பதில் தெரியவில்லை. பின்வாங்கில் போய் இருக்கிறான். அடுத்த மாதம் சிவப்பே கூடுதலாக இருக்கும். கடைசியில் பெயருக்கு மேலே ஒரு கோடு இழுக்கப்படும். அந்தக் கோட்டுக்குப் பிறகு அவனைப் பற்றி யாரும் எதுவும் எழுதுவதில்லை.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2016இல் நாடு முழுவதும் எடுத்த சிறுவர் செயற்பாட்டு ஆய்வு, 5 முதல் 17 வயது வரையானவர்களில் 43,714 பேரைக் குழந்தைத் தொழிலாளர் என்று கணக்கிட்டது. நூற்றுக்கு ஒருவர். அவர்களில் 39,007 பேர் செய்தது ஆபத்தான வேலை. நூற்றுக்கு ஒருவர் என்றதும் ஆறுதல் அடைபவர்கள் உண்டு. ஆனால் அதே ஆய்வில், பாடசாலைக்குப் போகாதவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர், அதாவது 4 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேல். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு நின்ற பதினேழு வயதினரும் அதற்குள் அடங்குவர்தான். அவர்களைக் கழித்துவிட்டாலும் மிஞ்சுகிறவர்கள் எங்கே? வீட்டுக்கு வீடு போய்க் கேட்டு எடுத்த கணக்கு இது. என் வீட்டுக் குசினியில் ஒரு பிள்ளை வேலை செய்கிறது என்று எந்த வீட்டுக்காரர் வாயைத் திறந்து சொல்லுவார்?

வேலை என்றால் எப்படிப்பட்ட வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு வெதுப்பகத்தைச் சொல்கிறேன். விடியற்காலையில் கடைக்குப் பாண் போகவேண்டுமென்றால் நடுச்சாமத்தில் மா குழைக்கத் தொடங்கவேண்டும். போறணை வாயில் நின்றவனுக்குப் பதினைந்து வயதுகூட முடியவில்லை. நீண்ட தடியால் தட்டுகளை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதும் அவன் வேலை. முன்கைகளில் முடியே இல்லை. சூட்டில் பொசுங்கிப் போயிருந்தது. மணிக்கட்டுக்கு மேலே, தட்டின் விளிம்பு பட்ட இடங்களில், ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடு கோடாகத் தழும்புகள். பழையவை வெளுத்திருந்தன, புதியது ஒன்று நீர் கோத்திருந்தது. காலை ஏழரை மணிக்குப் பாடசாலை மணி அடிக்கும்போது அவன் மாமூட்டைகளுக்கு மேலே படுத்து நித்திரையாகிவிடுவான். அவன் வயதுப் பிள்ளைகள் அதே விடியலில் முதுகில் புத்தகப் பையுடன் சைக்கிள் மிதித்துத் தனியார் கல்வி நிலையங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். போகிற வழியில் அந்த வெதுப்பகத்தில் நின்று பணிஸ் வாங்குகிறார்கள்.

பிள்ளை கையால் எந்த வேலையும் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பாடசாலை விட்டு வந்து தகப்பனுடன் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுவதும், விடுமுறையில் வெங்காயம் பிடி கட்டுவதும் எங்கள் வளர்ப்பின் பகுதி. சர்வதேச தொழில் தாபனத்தின் 138ஆம் இலக்க உடன்படிக்கையே படிப்பையும் உடல்நலத்தையும் பாதிக்காத இலகுவான வேலைக்கு இடம் கொடுக்கிறது. படிப்பை நிறுத்துகிற வேலையும் உடலைக் கெடுக்கிற வேலையும்தான் பேச்சு. மழைக்கும் பனிக்கும் நனைந்த புகையிலையைத் தொட்டு வேலை செய்தால் இலையிலுள்ள நிக்கொட்டின் தோலின் வழியே உடம்புக்குள் போகும். தலைச்சுற்றும் வாந்தியும் வரும். சிறு உடம்பை அது இன்னும் கூடுதலாகத் தாக்கும். பூச்சிமருந்துக் கலனை முதுகில் சுமந்து அடிப்பது, ஈரச் சீமெந்தில் வெறுங்காலுடன் நிற்பது, போர் நடந்த காணிகளில் பழைய இரும்பு தேடுவது, நள்ளிரவில் வள்ளத்தில் ஏறுவது, இவையெல்லாம் உதவி அல்ல.

எங்கள் குழு வீடு தேடிப் போன ஒரு பெடியனைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம், தம்பி என்றே எழுதுகிறேன். தரம் ஒன்பதில் இருந்தவன். இடாப்பில் அவன் பெயருக்கு நேரே நான் மேலே சொன்ன ஒழுங்கு அச்சொட்டாக இருந்தது. மேசன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். கூலி, பெரியவர்களுக்குக் கொடுப்பதில் பாதி. சாந்து குழைத்துக் குழைத்து விரல் இடுக்குகள் வெடித்திருந்தன. சோற்றில் கறி படும்போது எரியும் என்று கரண்டியால் சாப்பிட்டான். தாய் எங்களைக் கண்டதும் அழவில்லை, கோபப்பட்டார். "பள்ளிக்கூடம் போ என்று சொல்ல எல்லோரும் வருவீர்கள் ரீச்சர். செவ்வாய்க்கிழமை காசு கேட்டு வருகிறவனுக்கு யார் பதில் சொல்லுவது?"

செவ்வாய்க்கிழமை வருகிறவர் நுண்கடன் நிறுவனத்தின் வசூலிப்பாளர். போருக்குப் பிறகு வடக்கில் பெண்களைக் குழுக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கப்பட்ட கடன்கள் இவை. ஒருத்தி கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்றவர்கள் கட்டவேண்டும். அதனால் கடன்காரனைவிட அயலட்டைக்குப் பயப்படவேண்டியிருக்கிறது. ஆடு வளர்க்க எடுத்த கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது. தம்பியின் திங்கட்கிழமைப் பூச்சியங்களுக்கு அர்த்தம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. செவ்வாய்க்கிழமைத் தவணைக்குக் குறைகிற பணத்தைத் திங்கட்கிழமைக் கூலியால் நிரப்பியிருக்கிறான்.

அவனுடன் தனியாகப் பேசியபோது வேறு காரணங்களும் வந்தன. வளர்ந்துவிட்டான், பாடசாலைக் காற்சட்டை இடுப்பில் ஏறவில்லை. சப்பாத்து இல்லை. பாடசாலை வசதிகள் கட்டணம் கட்டாதவர்களின் பெயரைக் காலைப் பிரார்த்தனைக்குப் பிறகு வாசித்திருக்கிறார்கள். கணிதம் தரம் ஏழிலேயே கைவிட்டுப் போய்விட்டது; வகுப்பில் எல்லோரும் அந்தப் பாடத்தைத் தனியார் வகுப்பில் ஏற்கனவே படித்துவிட்டு வருகிறார்கள் என்பதால் ஆசிரியர் வேகமாகப் போய்விடுகிறார். "சும்மா இருந்துவிட்டு வருவதற்கு எதற்கு ரீச்சர் போகவேண்டும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இல்லாமல் எந்தச் சட்டப் புத்தகத்தைக் காட்டியும் பயனில்லை.

செய்தவை சின்ன வேலைகள். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் வந்து தாயுடன் இருந்து கடன்களைக் கணக்கெடுத்தார். தவணையைச் சிறிதாக்கி நீட்டித் தரும்படி நிறுவனத்துடன் பேசினார். சனசமூக நிலையத்தில் ஒருவர் உடுப்புக்கும் சப்பாத்துக்கும் பொறுப்பெடுத்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் மாலையில் அவனைத் தரம் ஏழின் பின்னங்களிலிருந்து தொடங்கினார். அதிபரிடம் நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: தம்பியைச் சின்னப் பிள்ளைகளுடன் இருத்தாமல் அவன் வயதுப் பிள்ளைகளுடனேயே இருத்துங்கள். திரும்பி வந்தவன் இரண்டு முறை மறுபடியும் நின்றான், இரண்டு முறையும் போய்க் கூட்டிவந்தோம். சாதாரண தரத்தில் கணிதத்திலும் தமிழிலும் சித்தியடைந்தான். இப்போது தொழிற் பயிற்சி அதிகார சபையின் நிலையம் ஒன்றில் மின்னிணைப்புப் படிக்கிறான், என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். மேசனாகவே வந்திருந்தாலும் எனக்குக் குறையில்லை. பதினாறு வயதுக்குப் பிறகு, சான்றிதழுடன், முழுக் கூலிக்கு.

இடாப்பில் பெயர் இருந்தும் நாங்கள் மீட்காத பிள்ளை ஒருத்தியும் இருக்கிறாள். தாய் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்குப் போனபின் பதின்மூன்று வயதில் வீட்டின் சமையலும் தம்பி தங்கைகளும் அவள் தலையில் விழுந்தன. அவளுக்கு முதலாளி இல்லை, கூலி இல்லை, வேலைத்தலம் இல்லை. எந்தச் சோதனை நடவடிக்கையிலும் அகப்படமாட்டாள். ஆனால் விடியற்காலை முதல் இரவுவரை அவள் செய்வதைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்வித்தால் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அவள் வீட்டுக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம்.

சட்டம் இல்லாத நாடு அல்ல இது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. அதன் 28ஆம் உறுப்புரை கல்வியையும் 32ஆம் உறுப்புரை உழைப்புச் சுரண்டலிலிருந்து பாதுகாப்பையும் உரிமையாக்குகின்றன. ஐந்து முதல் பதினான்கு வயதுவரை பாடசாலை கட்டாயம் என்ற ஒழுங்குவிதி 1998 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அது பதினாறு வயதாக உயர்ந்தது. பாடசாலை வருகைக் குழுக்களும் அந்த ஒழுங்குவிதியால் உருவானவைதான், பல ஊர்களில் அவை கடதாசியில் மட்டும் இருக்கின்றன. ஆனால் 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதைப் பதினான்கிலேயே வைத்திருந்தது. அதைப் பதினாறாக்க 2021வரை ஆனது. இடையிலிருந்த ஐந்து ஆண்டுகளும் பதினைந்து வயதுப் பிள்ளை பாடசாலையில் இருக்கவேண்டும் என்று ஒரு சட்டமும், அதே பிள்ளையை வேலைக்கு வைத்திருக்கலாம் என்று இன்னொரு சட்டமும் சொல்லிக்கொண்டிருந்தன. பல முதலாளிமார் இன்றும் அந்தப் பழைய பதினான்கையே வாயில் வைத்திருக்கிறார்கள். இன்றைய நிலை இதுதான்: பதினாறுக்குக் கீழே வேலைக்கு வைக்கக்கூடாது, ஆபத்தான வேலையென்றால் பதினெட்டுக்குக் கீழே கூடாது.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது எங்கள் ஊரின் கதை. கல்வியே எங்கள் சொத்து என்று யாழ்ப்பாணத்தார் சொல்லாத மேடை இல்லை. சொல்வதற்கு வரலாறும் இருக்கிறது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இந்த ஆண்டுகளைப் பிள்ளைகள் பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் செய்கிறார்கள்.

அதே பேச்சுகளில் வராத பக்கம் ஒன்று உண்டு. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பல பாடசாலைகளின் கதவு மூடியே இருந்தது. திறந்த இடங்களிலும் மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருக்க, அவர்கள் நிலத்தில் இருந்தார்கள். 1920களின் இறுதியில் அரச உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று வந்தபோது அதைப் பொறுக்காமல் பாடசாலைகளுக்கே தீ வைத்தார்கள். 1924இல் உருவாகிய, பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர்பெற்ற இயக்கத்தின் இளைஞர்கள், ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள், சம ஆசனத்துக்காகவும் சமபோசனத்துக்காகவும் ஊரை எதிர்த்து நின்றார்கள். வடமராட்சியில் கா. சூரன், எவரும் கதவு திறக்கட்டும் என்று காத்திராமல், தம் சமூகத்துப் பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையைக் கட்டி எழுப்பினார். இன்றைய தேவரையாளி இந்துக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. கதவு ஏன் மூடப்பட்டது என்பதை மறைக்கத் தேவையில்லை. அந்தப் பிள்ளைகள் எழுத்துப் படித்தால் தோட்டத்துக்கும் துணிக்கும் பனைக்கும் யார் வருவார் என்ற கணக்குத்தான். பிள்ளையின் உழைப்பும் பிள்ளைக்கு மறுக்கப்பட்ட கல்வியும் யாழ்ப்பாணத்தில் ஒரே வேரிலிருந்து வந்தவை.

1945 ஒக்டோபரில், அப்போது கல்வி அமைச்சராக இருந்த சி.டபிள்யு.டபிள்யு. கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை கட்டணமில்லை. நான் படித்ததும் படிப்பித்ததும் அதனால்தான். ஆனால் இன்றும் பெயருக்கு மேல் கோடு விழும் பிள்ளைகளின் வீடுகள் எந்தக் குறிச்சிகளில் இருக்கின்றன என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். காணி இல்லாத குடும்பங்கள், முகாம்களிலிருந்து மீள்குடியேறியவர்கள், கரையோரத்தில் நாட்கூலிக்கு வலை இழுப்பவர்கள், தாத்தாமாருக்கு வாங்கு கிடைக்காத குடும்பங்கள். படிப்பில் நாட்டமின்மை இப்படிக் குறிச்சி பார்த்தா வரும்?

இந்தியாவில் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டவர் சாந்தா சின்ஹா. ஆந்திராவில் எம்.வி. பவுண்டேசன் அமைப்பின் மூலம் அவர் வேலை செய்தார். 2003இல் மகசேசே விருது பெற்றார். இந்தியாவின் தேசிய சிறுவர் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் முதல் தலைவரும் அவரே. பாடசாலையில் இல்லாத பிள்ளை எவரும் குழந்தைத் தொழிலாளரே என்பது அவர்களுடைய நிலைப்பாடு. பட்டாசு, கம்பளம் என்று தொழிலைப் பார்த்துப் போகாமல் ஊரைப் பார்த்துப் போனார்கள். ஓர் ஊரிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் எங்கே இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். வேலையிலிருந்து வந்த பிள்ளைகளை முதலில் இணைப்பு வகுப்பில் வைத்துப் படிப்பித்து, பிறகு வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தார்கள். தம்பியின் விடயத்தில் நாங்கள் செய்ததெல்லாம் அவர்கள் பெரிய அளவில் செய்து காட்டியதுதான். வறிய மாவட்டங்களில் அவர்களால் முடிந்தது, மூலைக்கு மூலை பாடசாலை இருக்கிற இந்தக் குடாநாட்டில் முடியாமல் போக நியாயமில்லை.

ஊர்வலம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 1998 ஜனவரி 17ஆம் திகதி மணிலாவில் தொடங்கிய உலகப் பேரணி, கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று நடத்தியது, 103 நாடுகளினூடாக ஜூனில் ஜெனீவாவுக்குப் போய்ச் சேர்ந்தது. வேலையிலிருந்து மீண்ட பிள்ளைகளே சர்வதேச தொழில் தாபனத்தின் மாநாட்டு மண்டபத்துக்குள் போனார்கள். மறு ஆண்டு ஜூன் 17இல் குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்களுக்கு எதிரான 182ஆம் இலக்க உடன்படிக்கை நிறைவேறியது. போரில் பிள்ளைகளைக் கட்டாயமாகச் சேர்ப்பதும் அந்த வடிவங்களில் ஒன்று என்று அதில் எழுதியிருக்கிறது. அதை வாசிக்கும் வடக்குத் தாய்மாருக்கு விளக்கம் தேவையில்லை. இலங்கை 2001இல் ஏற்றுக்கொண்டது. 2020 ஓகஸ்டுடன் உறுப்பு நாடுகள் 187உம் அதை ஏற்றுவிட்டன, அந்தத் தாபனத்தின் வரலாற்றில் முதன்முறையாக. உலகில் 2000இல் 24 கோடியே 60 இலட்சமாக இருந்த குழந்தைத் தொழிலாளர் தொகை 2024இல் 13 கோடியே 80 இலட்சமாகக் குறைந்திருக்கிறது. 2025க்குள் ஒழிப்போம் என்ற உலக இலக்கு தவறிவிட்டது. ஆனாலும் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள், பிள்ளைகளின் தொகை கூடிக்கொண்டிருந்த காலத்தில்.

எங்களுக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் ஒன்றை மட்டும் நான் மதித்துப் பதில் சொல்கிறேன். "வேலையிலிருந்து எடுத்துவிட்டால் பெடியன் சந்தியில் நின்று போதைப்பொருளுக்குப் போய்விடுவான் ரீச்சர். என்னிடம் இருந்தால் கண்காணிப்பிலாவது இருப்பான்" என்று ஒரு கராஜ் முதலாளி சொன்னார். கெட்ட மனிதர் அல்ல. மதியச் சாப்பாடு கொடுப்பார், தீபாவளிக்கு உடுப்பு எடுத்துக் கொடுப்பார். போதைப்பொருள் பற்றிய பயம் இன்று யாழ்ப்பாணத்தில் எந்தத் தாய்க்கும் இருக்கிற பயம். ஆனால் பிள்ளையின் கையில் அன்றாடம் காசு, சுற்றிலும் பெரியவர்கள், கேட்க ஆளில்லாத இரவு. இவற்றைக் கொடுப்பது வேலைத்தலம்தான். அந்த முதலாளியிடம் நான் கேட்டது: பதினாறு முடியும்வரை அவனைப் பாடசாலைக்கு விடுங்கள், முடிந்ததும் முறையான பயிலுனராக எழுத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாத முதலாளிமாரின் விபரத்தைத் தொழில் திணைக்களத்துக்குக் கொடுத்திருக்கிறோம்.

மலையகத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்கமுடியாது. யாழ்ப்பாணத்து வசதியான வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகளைக் கூட்டிவந்து வீட்டு வேலைக்கு வைத்திருந்தார்கள். வீட்டுப் பிள்ளை மேல்மாடியில் விளக்கைப் போட்டுப் பல்கலைக்கழகப் புகுமுகத்துக்குப் படிக்க, அதே வயதுப் பிள்ளை கீழே தேத்தண்ணீர் ஊற்றியது. அந்த வீடுகளிலிருந்து வந்த வைத்தியர்களையும் பொறியியலாளர்களையும் ஊர் இன்றும் மேடையில் கொண்டாடுகிறது. தேத்தண்ணீர் ஊற்றிய பிள்ளை எழுத வாசிக்கப் பழகியதா என்று யாரும் கேட்கவில்லை. அந்த வழக்கம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. 2021 ஜூலையில் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கிருந்த மலையகச் சிறுமி தீக்காயங்களுடன் இறந்தபோது யாழ்ப்பாணத்திலும் நீதி கேட்டு நின்றோம். அதே வேகத்தில் எங்கள் ஒழுங்கைகளின் வீடுகளையும் கேட்கவேண்டும். நான் கேட்டிருக்கிறேன். உறவுக்காரர் இருவர் என்னுடன் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி ஊருக்குத் திரும்பிப் படிக்கிறாள்.

இப்போது நாங்கள் வலயக் கல்விப் பணிமனையிடம் எழுத்தில் கேட்டிருப்பது பெரிய திட்டம் அல்ல. ஒரு மாதத்தில் பத்துச் சிவப்புப் பூச்சியங்களைத் தாண்டிய பிள்ளைகளின் விபரத்தை ஒவ்வொரு பாடசாலையும் அந்த மாத முடிவிலேயே வருகைக் குழுவுக்குத் தரவேண்டும். பெறுபேற்று வீதம் குறையும் என்று மெலிந்த பிள்ளைகளைச் சத்தமில்லாமல் விலக விடுகிற அதிபரிடம் விளக்கம் கேட்கவேண்டும். கட்டணம் கட்டாத பிள்ளையின் பெயர் எந்தக் காரணத்துக்காகவும் கூட்டத்தில் வாசிக்கப்படக்கூடாது. 2022இல் கொப்பி விலை ஏறியபோது பின்வாங்கிலிருந்து எழுந்து போனவர்களில் பலர் இன்னும் திரும்பவில்லை, அவர்களுக்கு வயதுக்கேற்ற வகுப்பில் இடமும் மாலையில் இணைப்புப் பாடமும் வேண்டும்.

பாடசாலை நேரத்தில் கடையிலோ கட்டடத்திலோ ஒரு பிள்ளையைக் கண்டால் 1929க்கு அழையுங்கள், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். பிள்ளையைப் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். முகம் ஊரெல்லாம் தெரிந்தபின் அந்தப் பிள்ளை எந்த வகுப்பறைக்குள் நிமிர்ந்து நுழையும்? எந்தப் பாடசாலை, எத்தனையாம் தரம் என்று அன்பாகக் கேட்டு, கிராம அலுவலருக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, வெளிநாட்டிலிருந்து இதை வாசிக்கும் பழைய மாணவர்களுக்கு. நுழைவாயில் வளைவுக்கும் பார்வையாளர் அரங்குக்கும் நீங்கள் அனுப்பிய பணத்தில் கட்டியவை நன்றாகத்தான் நிற்கின்றன. அடுத்த முறை உங்கள் பாடசாலையிலிருந்து நிதி கேட்டு அழைத்தால், இந்த ஆண்டு தரம் ஒன்பதிலிருந்து எத்தனை பேர் நின்றுவிட்டார்கள், அவர்களைத் திரும்பக் கொண்டுவர என்ன செலவாகும் என்று கேளுங்கள். சப்பாத்து, பஸ் காசு, காலைச் சாப்பாடு, மாலை வகுப்பு ஆசிரியருக்கு ஒரு சிறு கொடுப்பனவு. பதில் இப்படித்தான் வரும். அந்தக் கணக்கு கையில் கிடைத்த பிறகு பணத்தை அனுப்புங்கள்.